முப்பத்தேழு தாளிலும் முப்பத்திரண்டு

எங்கள் மன்றத்தின் ஆண்டு மலரில் இருபத்தெட்டுப் பக்கங்கள். பன்னிரண்டு பக்கம் விளம்பரம்: அல்வாக் கடை, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, கண் ஆஸ்பத்திரி. மூன்று பக்கம் வாழ்த்துச் செய்தி, வாழ்த்தியவர்களின் புகைப்படங்களோடு. மீதிப் பதின்மூன்று பக்கங்களில் ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு ஆங்கிலச் சொற்கள். தொகுத்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் இல்லை.

பொருள் இல்லாத பட்டியலை நான் தொகுக்கவில்லை. நான் கொடுத்தது வேறு, அச்சில் வந்தது வேறு. அந்த இருபத்தெட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் மன்றத்தின் ஒரே நல்ல விதியைக் கொன்றார்கள். வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் மன்றம். பதினாறு உறுப்பினர்கள், நான்கு பலகைகள், சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஏழு வரை. எழுத்துக் கட்டைகளைச் சதுரங்களில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கிற ஆட்டம். ஒரு பலகைக்கு நூறு கட்டை. எங்கள் இரண்டாம் பலகைக்குத் தொண்ணூற்றொன்பது. ஒன்று சன்னல் வழியே பாத்திரக் கடையின் தகரக் கூரையில் விழுந்துவிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள். செயலாளர் தாசில்தாராக இருந்தவர். நான் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு வருடம் வழக்குக் கட்டுகளுக்கும் சான்று ஆவணங்களுக்கும் எண் போட்டவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் எனக்கே இது குத்தலாக வரும்.

விதி இதுதான். பலகையில் சொல்லை வைத்தவர் அதன் பொருளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் புள்ளி. சொல்லாவிட்டால் சொல் பலகையில் இருக்கலாம், புள்ளி கிடையாது.

இந்த விதியை யாரும் கூட்டம் போட்டு எழுதவில்லை. மன்றம் தொடங்கிய முதல் மாதத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் மணிமுத்தாறு அணையில் ஓவர்சியராக இருந்தவர். அவர் 'வெயர்' என்று ஒரு சொல்லை வைத்தார். நான் அதைக் கேட்டதில்லை. அப்படி ஒரு சொல்லே கிடையாது என்றேன்.

"கிடையாதா? ஆத்துல குறுக்க கட்டுத அணைக்கட்டுவே. தண்ணிய ஏத்தி வாய்க்காலுக்குத் திருப்புததுக்கு. தாமிரவருணியில எட்டு இருக்கு. எண்ணிக்கிடும்" என்று விரலை மடக்கினார். "கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டு ஆச்சா? புள்ளியப் போடும்."

நான் எண்ணினேன். எட்டு. புள்ளியைப் போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எல்லா மேசையிலும் பொருள் கேட்கத் தொடங்கினார்கள். புள்ளிப் புத்தகம் என் பொறுப்பு. அதில் மூன்று பத்திகள் இருந்தன: ஆட்டக்காரர், சொல், புள்ளி. சொல்லுக்கும் புள்ளிக்கும் நடுவே கோடு இழுத்து நான்காவதாகப் பொருளுக்கு ஒரு பத்தி போட்டேன்.

ஒன்பது வருடத்தில் பதினொரு புத்தகங்கள் நிரம்பின. அந்தப் பத்தியைப் படித்துப் பார்த்தால் அகராதி போல இருக்காது. 'டெட்' என்றால் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக் காயவைப்பது என்று அகராதி சொல்லும். எங்கள் புத்தகத்தில் "அறுப்பு முடிஞ்சு மழ வந்துட்டா மறுநா நாம செய்யுதது" என்று இருக்கும். சொன்னவர் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் உள்ளவர். 'ஆர்ட்' என்று மூன்றெழுத்தில் ஒரு சொல். ஓவியக் கலை அல்ல, வேறு. அதற்கு "தட்டுல மிச்சம் வைக்கது, எம் மருமவன் வைக்க மாதிரி" என்று செயலாளரே ஒருமுறை சொன்னார். எழுதிக்கொண்டேன். சிரித்துச் சிரித்து ஆடிய ஆட்டம் அது.

ஓவர்சியரும் நானும் நானூற்று முப்பத்தொரு ஆட்டம் ஆடியிருந்தோம். நான் முந்நூற்று ஒன்பது வென்றேன். அவர் நூற்றுப் பதினெட்டு. நான்கு சமம். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். நான்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லுவேனே.

அப்படி இருக்கும்போது பாங்க் அதிகாரி வந்து சேர்ந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைதான். பன்னிரண்டு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்தவர். நாற்பது வயது இருக்கும். முதல் நாள் முதல் ஆட்டத்தில் மூன்று மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து ஒரு சொல் அமைத்தார். 'கூம்' என்று வாசிக்க வேண்டும் என்றார்.

"பொருள்?" என்று கேட்டேன்.

"பொருளா? அது வேலிட் வேர்ட், சார். லிஸ்ட்ல இருக்கு."

"இருக்கட்டும். அப்படின்னா என்ன?"

"அது எனக்கு எதுக்கு சார்? பெங்களூர்ல யாரும் கேட்க மாட்டாங்க. உலகத்துல எங்கேயும் கேட்க மாட்டாங்க."

"வண்ணார்பேட்டையில கேப்போம்" என்று சொல்லிவிட்டுப் பூஜ்யம் போட்டேன். வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதியைப் பார்த்தேன். மலைச்சரிவில் கிண்ணம் குடைந்த மாதிரி இருக்கும் பள்ளம். மாஞ்சோலைக்கு ஏறுகிறவர்கள் பஸ்ஸின் இடது பக்கச் சன்னலில் பார்த்திருப்பார்கள். அத்தனை நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அது எனக்கு எதற்கு என்கிறான் ஒரு மனிதன்.

ஏழு வாரத்தில் அவருக்கு அறுபத்து மூன்று பூஜ்யம் போட்டேன். அவர் மரியாதையான மனிதர். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார். படியிறங்கும்போது மற்றவர்களிடம் சொல்லுவார்.

அந்தச் சமயத்தில்தான் திசையன்விளையிலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் ஏழெட்டுப் பேர் இந்த ஆட்டம் ஆடுகிறார்களாம். பெரும்பாலும் வியாபாரிகள். எங்களோடு ஒரு போட்டி ஆட ஆசை, நான்கு பேர் வருகிறோம், உங்கள் விதிப்படியே ஆடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். செயலாளருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. போட்டி நாளில் ஆண்டு மலர் வெளியிடலாம், அதில் புள்ளிப் புத்தகங்களிலிருந்து நல்ல சொற்களைப் பொருளோடு பொறுக்கிப் போடலாம் என்றார். நான் சம்மதித்தேன். பாங்க் அதிகாரியின் படியிறங்கு பேச்சு எனக்கு எட்டியிருந்தது. விதி அச்சில் ஏறிவிட்டால் அதை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

பதினொரு புத்தகங்களிலிருந்து இரண்டு மாதம் பொறுக்கினேன். முழு நீளத் தாளின் நடுவே கோடு இழுத்து, இடது பாதியில் ஆங்கிலச் சொல், வலது பாதியில் தமிழ்ப் பொருள். ஒரு தாளுக்கு முப்பத்திரண்டு சொல். முப்பத்தேழு தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் வலது மூலையில் முப்பத்திரண்டு என்று எழுதி வட்டம் போட்டேன், எண்ணிக்கை சரி என்பதற்கு அடையாளமாக. கட்டி எடுத்துக்கொண்டுபோய்ச் செயலாளர் கையில் கொடுத்தேன்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சுப் படி பார்க்க வேண்டும் என்றேன்.

"இங்கிலீஷு முடிஞ்சிட்டு. தமிழ்தான் நிக்கி" என்றார்.

"இங்கிலீஷு தனி, தமிழு தனியா? ஒரே தாள்லல்லா எழுதியிருக்கேன்?"

"அதான் வே சொல்லுதேன். பாளையங்கோட்டை பிரஸ்ஸுல இங்கிலீஷு எழுத்து நல்லா இருக்கும். டவுன் பிரஸ்ஸுல தமிழு எழுத்து நல்லா இருக்கும். ஆளுக்குப் பாதி குடுத்தா வேலையும் சட்டுனு முடியும்னு நடுவுல வெட்டிக் குடுத்துட்டேன்."

"வெட்டியா?"

"கிழிக்கல வே. கத்திரிக்கோல் வச்சு உம்ம கோட்டு மேலேயே நேரா வெட்டுனேன்."

முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் பட்டாவும் சிட்டாவும் பார்த்த மனிதர். நிலத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரி என் தாளைப் பாகம் பிரித்திருக்கிறார். கோட்டை மீறாமல் வெட்டியதற்கு நான் பாராட்டுவேன் என்று வேறு எதிர்பார்த்தார். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் டவுன் பிரஸ்ஸுக்கு நடந்தேன்.

அங்கே எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் அன்றுதான் ஊர்க் கோயில் கொடைவிழாவுக்குப் போய்விட்டு எட்டு நாள் கழித்து வேலைக்கு வந்திருந்தார். கையில் காப்புக் கயிறுகூட அவிழ்க்கவில்லை. என் வலது பாதிகளைக் காகிதக் கட்டிலிருந்து எடுத்துப் பெஞ்சில் போட்டார். முப்பத்தேழு நீளத் துண்டுகள். கலைந்து கிடந்தன.

"அண்ணாச்சி, நீங்கதான் இத எழுதுனதா?" என்றார். "நானும் போகதுக்கு முன்ன ரெண்டு நாளு பாத்தேன். எது மொத தாளு, எது கடைசின்னு ஒண்ணும் வெளங்கல. எல்லாத்துலயும் முப்பத்திரெண்டாம் பக்கம்னுல்லா போட்டிருக்கீங்க?"

நான் துண்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் வலது மூலையில் என் கையெழுத்தில், வட்டத்துக்குள், முப்பத்திரண்டு. முப்பத்தேழு முப்பத்திரண்டுகள். பக்க எண் ஒன்றில்கூட இல்லை. ஆங்கிலப் பாதி கலைந்தாலும் பாளையங்கோட்டைக்காரர்கள் அகர வரிசை பார்த்து அடுக்கிவிட்டார்கள். தமிழ்ப் பொருளுக்கு ஏது வரிசை? 'பெண் செம்மறி' முன்னால் வருமா, 'சதுப்பு நிலம்' முன்னால் வருமா என்று பக்கத்தில் ஆங்கிலச் சொல் இல்லாமல் அந்த மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

எண் போட்டிருந்தால் அவர் கொடைக்குப் போவதற்கு முன்பே பாதி கோத்து முடித்திருப்பார். இந்த இடத்தில் யார்மேல் கோபப்படுவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. செயலாளர்மேல் படுவது எளிதாக இருந்தது. அதனால் அதையே செய்தேன்.

வீட்டுக்கு வந்து துண்டுகளைக் கட்டில்மேல் பரப்பினேன். என் மனைவி வந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன், செயலாளரின் கத்திரிக்கோலைப் பற்றி நீளமாகவும் என் வட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகவும் சொன்னேன். அவள் சுருக்கமானதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"மாடியில காயப்போட்ட வத்தலக்கூட எண்ணுதீங்க" என்றாள். "காக்கா எத்தன கொண்டு போச்சுன்னு சொல்லுதீங்க. இதுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு போடலியாக்கும்?"

இரண்டு நாளில் வரிசைப்படுத்தி, எண் போட்டு, திரும்பக் கொண்டுபோனேன். அதற்குள் செயலாளர் ஆங்கிலப் பாதியை மட்டும் அச்சேற்றச் சொல்லிவிட்டார். விளம்பரக்காரர்களுக்கு நாள் சொல்லியாயிற்று, இனிப் பொறுக்க முடியாது, தமிழை அடுத்த வருடம் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சொற்களே இவ்வளவு அழகாக வந்திருக்கும்போது ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர் என்றும் கேட்டார்.

மலர் போட்டிக்கு முந்திய சனிக்கிழமையே உறுப்பினர்கள் கைக்கு வந்துவிட்டது. அதன் பலன் அன்றைக்கே தெரிந்தது. ஒன்பது வருடமாகப் பொருள் சொல்லி ஆடியவர்கள் மலரை மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சொல் வைத்தார்கள். நான் பொருள் கேட்டபோது எரிச்சல்பட்டார்கள். ஐந்தரை மணிக்குப் பாங்க் அதிகாரி எழுந்து நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நாளைக்குப் போட்டி. நாம ஜெயிக்கணும். பொருள் சொல்ற ரூல் நமக்குத்தான் இடைஞ்சல். அதை எடுத்துடலாம்னு நினைக்கிறேன்."

"அது எங்க மன்றத்தோட விதி" என்றேன்.

செயலாளர் மலரை எடுத்து விரித்துக் காட்டினார். "அண்ணாச்சி, நீரு தொகுத்த புஸ்தகத்துலயே அர்த்தம் இல்லையே. உமக்கே வேண்டாதது எங்களுக்கு என்னத்துக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். கத்திரிக்கோல் பிடித்த அதே கை. நான் எழுந்து, நடந்தது என்ன, தாள் எப்படி வெட்டப்பட்டது, யார் வெட்டியது என்று சொன்னேன். எண் போடாததையும் சொன்னேன். கோர்ட்டில் இருந்தவன் பாதி சாட்சியம் சொல்லக் கூடாது. அதற்கும் சிரித்தார்கள். விதி போய்விட்டால் இது வெறும் கட்டை அடுக்குகிற வேலை, இதைக் கீழே பாத்திரக் கடையில் டம்ளர் அடுக்குகிறவன் நம்மைவிட நன்றாகச் செய்வான் என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வாக்கு எடுத்தார்கள். பதினான்கு பேர் வந்திருந்தோம். விதியை எடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் செயலாளர். நான் எண்ணினேன். ஒன்பது கை. பிறகு மெதுவாகப் பத்தாவது கை எழுந்தது. ஓவர்சியருடையது.

எட்டு அணைக்கட்டையும் விரல் மடக்கிச் சொன்ன கை அது. யாரால் அந்த விதி பிறந்ததோ அந்த மனிதர். படியிறங்கும்போது அவர் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"நீருமா?"

அவர் நிற்கவில்லை. "நூத்திப் பதினெட்டு வே" என்றார். "ஒம்பது வருசத்துல. வாராவாரம் நீரு அத வாய்விட்டு வேற சொல்லுதீரு. உமக்கு அகராதி மண்டைக்குள்ள இருக்கு. எனக்கு இல்ல. ஒரு வருசமாச்சும் நானும் உம்மவிடக் கூட ஜெயிச்சுப் பாக்கேன்."

"அதுக்குப் பொருளக் கொல்லணுமா?"

"பைய இறங்கும். படி வழுக்கும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜங்ஷன் பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டுத் திரும்பி நடந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திசையன்விளைக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் கருப்பட்டி மொத்த வியாபாரி. அறுபது வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்து செயலாளரிடம் கொடுத்தார். எங்கள் பக்கம் நான்கு பேர்: செயலாளர், பாங்க் அதிகாரி, ஓவர்சியர், மருந்துத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். என்னை ஆடக் கூப்பிடவில்லை. நான்கு மேசைக்கும் நான்தான் புள்ளி எழுதினேன். ஒவ்வொருவரும் சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும், நான் நடுவில் இருந்து எழுதுவேன்.

முதல் சொல்லை எங்கள் செயலாளர் வைத்தார். சொல்லையும் புள்ளியையும் சொன்னார், நிறுத்தினார். கருப்பட்டி வியாபாரி காத்திருந்தார். செயலாளர் விரலால் 'ஆடும்' என்று காட்டினார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு நான்கு கட்டைகளை வைத்தார்.

"டேர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகட்டிச் சொன்னார்: "சரக்க நிறுக்கும்போ சாக்கோட எடையக் கழிக்கது. நாங்க தெனமும் செய்யுத வேலைதான்."

என் பேனா நின்றுவிட்டது. எனக்குப் புரிந்தது. விதி மாறியதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு முன்னால் மாற்றிய விதியைத் திசையன்விளைக்கு எப்படிச் சொல்வது, ஏன் சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

மற்ற மூன்று மேசையிலும் அதே கதை. அவர்கள் சொல் வைப்பார்கள், எழுந்து நின்று பொருள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி அல்ல. தங்கள் வேலையைச் சொல்கிற மாதிரி. "ரெட்: தேங்கா மட்டைய நாரு எடுக்கதுக்கு ஊறப்போடுதது." "டெர்ன்: கடக்கரையில கூட்டமா வரும், வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், ஆலா." ஒருவர் 'கோப்ரா' என்று கொப்பரையை வைத்துவிட்டு, "இது நம்ம சரக்குல்லா, இதுக்கும் சொல்லணுமா?" என்று கேட்டார். நான் மட்டும்தான் சிரித்தேன். எங்கள் பக்கம் கட்டை வைக்கிற சத்தமும் சொல்லும் புள்ளிக் கணக்கும் மட்டும் கேட்டன.

பகல் ஒரு மணிக்கு முடிந்தது. நான்கு மேசையில் மூன்றை நாங்கள் வென்றோம். ஓவர்சியரும் வென்றார். வழக்கப்படி இரு தலைவர்களும் புள்ளிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கருப்பட்டி வியாபாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் படித்தார். அவர்கள் வைத்த ஐம்பத்து நான்கு சொல்லுக்கும் நேரே பொருள் இருந்தது. எங்கள் ஐம்பத்தேழு சொல்லுக்கும் நேரே வெள்ளைத்தாள்.

"அண்ணாச்சி, நாங்க ஏதும் மொறை தப்பி நடந்துட்டோமா?" என்று செயலாளரைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "உங்க ஆளுக ஒருத்தரும் எங்ககிட்ட வாயத் தொறந்து பொருள் சொல்லலையே. வியாபாரிகதான, இவன்களுக்கு என்ன சொல்லதுன்னு நெனச்சிட்டீங்களா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. எங்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். அல்லது அவமானப்படுத்தினோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விடலாம். தாசில்தாராக இருந்தவர் தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

"அந்த விதிய இப்பம் எடுத்தாச்சு" என்றார்.

"எங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே. மூணு மாசமா கடைய நேரத்தோட அடைச்சிட்டு உக்காந்து படிச்சோம். உங்க ஊரு வழக்கம் மேலான வழக்கம்னு எல்லார்ட்டயும் சொன்னேன்" என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். ஓலைப்பெட்டியைக் காலி செய்து தரச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. நான்கு பேரும் சாப்பாட்டுக்கும் நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் செயலாளர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "அந்த வெத்து எடத்த எல்லாம் நிரப்பிரும் வே. உமக்குத்தான் எல்லாம் தெரியுமே. பாக்க அசிங்கமா இருக்கு."

"தெரியும்" என்றேன். "நிரப்ப மாட்டேன்."

"என்ன வே, பிடிவாதம்?"

"வாயில வராதத புத்தகத்துல எழுதுனா அது பொய்க் கணக்கு. ஐம்பத்தேழு வெற்றிடம். எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடும்."

அவர் எண்ணவில்லை. போட்டார். பாங்க் அதிகாரி சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். ஓவர்சியர் தன் கட்டைகளைப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் புத்தக பீரோவின் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. விதியும் திரும்பி வரவில்லை. அந்தப் புத்தகம் அங்கே பீரோவில் இருக்கிறது என்று கேள்வி. யாரும் நிரப்பவில்லை என்றும் கேள்வி.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. ஓவர்சியர். கையில் மலர், சட்டைப் பையில் பென்சில். என் மனைவி உள்ளே வரச் சொன்னாள். நான் சொல்லவில்லை. அவர் தானாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நேத்து நான் வச்சதுல ஒம்பது சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியாது" என்றார். "அந்தக் கருப்பட்டிக்காரரு கேட்டது காதுலயே நிக்கி. நீரு சொல்லும். நான் எழுதிக்கிடுதேன்."

"ஒம்பது இல்ல. பதினொண்ணு."

"எனக்குத் தெரியாதது எத்தனைன்னு உமக்கு எப்படி வே தெரியும்?"

"நானூத்தி முப்பத்தோரு ஆட்டம் எதுக்க உக்காந்திருக்கேன். உமக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணுதான்" என்றார்.

பிரஸ்ஸிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த துண்டுகளைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்தேன். மலரில் உள்ள சொல்லை அவர் வாசிக்க, நான் துண்டைப் பார்த்துப் பொருளைச் சொன்னேன். பார்க்காமலே சொல்ல முடியும். அவருக்கு அந்தச் சலுகையை அன்று தர விருப்பமில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு, இது தெரியாமலா கை தூக்கினீர் என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் "ஆமா" என்றார். பத்து முறை கேட்டேன். பத்து ஆமா. காப்பி வந்தது. அவர் குடித்தார். என்னுடையது ஆறிப்போயிற்று.

பதினோராவது சொல் 'ஸாக்ஸ்'. மூன்றெழுத்து. மலரில் இல்லை.

"இது பாங்க்காரரு சொல்லிக் குடுத்தது" என்றார். "நெறைய புள்ளி வரும்னாரு. வந்துச்சு."

"அப்பம் அவர்கிட்டயே கேளும்."

"கேட்டேன். காலையில அவரு வீட்டுக்குப் போயிட்டுத்தான் இங்கன வாரேன். அவருக்குத் தெரியல."

எனக்கும் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. அகராதி என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தானாகக் கையை நீட்டி எடுக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. எடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடம் முடிந்ததும் எழுந்து அகராதியை எடுத்தேன்.

கூரைக்குப் போடுகிற கல்லோடுகளை வெட்டித் துளையிடும் கருவி. அவர் எழுதிக்கொண்டார். நான் ஒரு புதுத் தாள் எடுத்து நடுவே கோடு இழுத்தேன். இடது பக்கம் ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து என்று போட்டேன். கோட்டுக்கு வலது பக்கமும் ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து என்று போட்டேன். பிறகுதான் சொல்லையும் பொருளையும் எழுதினேன்.